நெல் வேரில் உப்பு: 12 மாதிரியா, 24 மாதிரியா?

கேள்வி இது: உவர் தாங்கும் பொக்காளி, தாங்காத ஐ.ஆர்.29 என்ற இரண்டு நெல் ரகங்களை உப்புக் கரைசலில் 24 மணி நேரம் வைத்து, வேரில் எந்த மரபணுக்களின் வெளிப்பாடு கூடுகிறது, எவற்றில் குறைகிறது என்று ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (ஆர்.என்.ஏ. துண்டுகளைப் படித்து எண்ணும் முறை) மூலம் பார்க்க வேண்டும். இரண்டு ரகத்துக்கும் உப்பு, உப்பில்லாத கட்டுப்பாடு என நான்கு பிரிவு; ஒரு பிரிவுக்கு 3 வீதம் 12 மாதிரி, மாதிரிக்கு 6 கோடி ரீட் (கருவி படித்துத் தரும் எழுத்து வரிசை) என்று சீக்வென்சிங் நிறுவனம் திட்டம் தந்திருக்கிறது. இது போதுமா? தரவு வந்த பிறகு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

அந்தத் திட்டத்தில் ரீட் தேவைக்கு மேல் இருக்கிறது, மாதிரி தேவைக்குக் குறைவாக இருக்கிறது. 12 மாதிரிக்குத் தலா 6 கோடி என்றால் மொத்தம் 72 கோடி ரீட். அதே 72 கோடியை 24 மாதிரிக்குப் பகிர்ந்தால் தலா 3 கோடி. சீக்வென்சிங் செலவு மாறாது. கூடுதலாக 12 லைப்ரரி (ஆர்.என்.ஏ.-வைக் கருவி படிக்கும் வடிவத்துக்கு மாற்றிய தொகுப்பு) தயாரிக்கும் செலவு மட்டும் ஏறும். அந்தப் பணத்தை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். இந்த ஆய்வில் அதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை.

பேரம் பேசும்போதே ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: 6 கோடி என்பது ரீடா, ஜோடியா? இருமுனை சீக்வென்சிங்கில் ஒரு துண்டின் இரண்டு முனையும் படிக்கப்படுவதால், 3 கோடித் துண்டுகளையே 6 கோடி ரீட் என்று விலைப்பட்டியலில் போடுவது உண்டு. அப்படியானால் 24 மாதிரியாகப் பிரிக்கும்போது தலா 1.5 கோடி ஜோடி கிடைக்கும். மரபணு அளவில் கூடுதல் குறைவு பார்க்க அது போதும். ஒரே மரபணுவின் வெவ்வேறு ஸ்ப்ளைஸ் வடிவங்களை (ஆர்.என்.ஏ. வெவ்வேறாக வெட்டி ஒட்டப்படுவதால் வருபவை)ப் பிரித்தறிய வேண்டுமானால்தான் ஆழம் கூட வேண்டும். உங்கள் கேள்வி அது அல்ல.

மாதிரி எண்ணிக்கையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானை, ஒரே அடுப்பு என்பதால்தான் பொருந்துகிறது. இங்கே ஒவ்வொரு செடியும் தனிப் பானை. ரீட்டைக் கூட்டுவது ஒரே சோற்றை மறுபடி மறுபடி நசுக்கிப் பார்ப்பதுதான். அந்தச் சோறு வெந்ததா என்று துல்லியமாகத் தெரியும். அடுத்த பானையைப் பற்றி எதுவும் தெரியாது. உப்பால் வந்த வேறுபாடு எவ்வளவு என்பதை, உப்பே இல்லாமல் செடிக்குச் செடி இயல்பாக இருக்கும் வேறுபாட்டோடு ஒப்பிட்டுத்தான் புள்ளியியல் சோதனை தீர்ப்புச் சொல்கிறது. அந்த இயல்பான வேறுபாட்டை மூன்றே மூன்று மாதிரியிலிருந்து மதிப்பிடுவது மிகவும் ஆட்டம் காணும் மதிப்பீடு.

இதற்கு அளந்து பார்த்த சான்று உண்டு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஈஸ்ட்டின் இயல்பு வகையையும் ஒரு மரபணுவில் மாற்றம் கொண்ட வகையையும் தலா 48 ரெப்ளிகேட் (தனித்தனி மறுபதிவு) வளர்த்து சீக்வென்ஸ் செய்தார்கள். தரம் குறைந்த சிலவற்றை நீக்கியபின் எஞ்சிய முழுத் தொகுப்பில் வேறுபட்டதாகத் தெரிந்த மரபணுக்களில், 3 ரெப்ளிகேட் மட்டும் வைத்துப் பார்த்தபோது பிடிபட்டவை 20 முதல் 40 சதவீதம்தான். அவர்கள் பரிந்துரைத்தது குறைந்தது 6. சிறிய மாற்றங்களையும் தவறவிடக் கூடாது என்றால் 12. ஈஸ்ட் ஒரே குடுவையில் சீராக வளரும் ஒற்றை உயிரணு உயிரி. நெல் வேர் அதைவிடச் சீரற்றது என்பதால் உங்களுக்கு 6 என்பது தாராளமான எண் அல்ல, கீழ் எல்லை.

1995-இல் மரபணு வெளிப்பாட்டைத் தகட்டில் அளக்கும் முதல் மைக்ரோஅரே ஆய்வு வந்தபோது கண்ணாடித் தகட்டில் இருந்தவை அரபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்கள். இன்று ஒரு குழாய் வேர் ஆர்.என்.ஏ.-வில் நெல்லின் 38,000 சொச்சம் மரபணுக்களையும் ஒரே வீச்சில் எண்ணுகிறோம். அளக்கும் பொருள்களின் எண்ணிக்கை ஆயிரம் மடங்குக்குக் கிட்ட ஏறியிருக்கிறது. அளக்கப்படும் செடிகளின் எண்ணிக்கையோ பல ஆய்வுகளில் அதே மூன்றில் நிற்கிறது. ஓமிக்ஸ் (ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒருசேர அளக்கும்) துறையில் நடக்கும் பெரும்பாலான பிழைகளின் வேர் இந்த ஏற்றத்தாழ்வுதான். கோப்பின் பருமன் ஜிபி கணக்கில் இருப்பதால் தரவு நிறைய இருப்பதாகத் தோன்றும். உண்மையில் உங்களிடம் இருப்பது 24 மாதிரிக்கான 24 வரிசை.

தொட்டியில் தொடங்கும் பிழை

பலரும் செய்வது இது: ஒரு பெரிய தொட்டியில் உப்புக் கரைசல், இன்னொரு தொட்டியில் சாதாரணக் கரைசல், ஒவ்வொன்றிலும் நிறையச் செடி. பிறகு ஒரு தொட்டியிலிருந்து ஆறு செடியைப் பிடுங்கி ஆறு ரெப்ளிகேட் என்று எழுதுவார்கள். அது ஆறு அல்ல, ஒன்று. உப்பைச் செடிக்குக் கொடுக்கவில்லை, தொட்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருந்தாலோ, கரைசலின் அமிலக்காரத் தன்மை நகர்ந்திருந்தாலோ, ஜன்னல் பக்கம் வெயில் கூட விழுந்திருந்தாலோ, அவை எல்லாம் உப்பின் விளைவாகவே கணக்கில் ஏறும். இதற்குப் போலி ரெப்ளிகேட் என்று பெயர். வயல் ஆய்வுக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இதை எச்சரிக்கிறார்கள். மூலக்கூறு ஆய்வகங்களில் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

எனவே 12 சிறு தொட்டி வையுங்கள். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து 6 பிளாக். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு தொட்டி உப்பு, ஒரு தொட்டி கட்டுப்பாடு. எதற்கு உப்பு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு ரகமும் இருக்கட்டும். ஒரு தொட்டியில் ஒரு ரகத்தின் 4 செடிகளின் வேரைச் சேர்த்து ஒரு மாதிரி. 12 தொட்டி, 2 ரகம், ஆக 24 மாதிரி. இப்படிப் பல செடியைச் சேர்ப்பதில் தவறில்லை. செடிக்குச் செடி உள்ள ஏற்ற இறக்கம் அதனால் சற்று அடங்கும். ஆனால் ஒரு பிரிவின் எல்லாச் செடியையும் அரைத்து ஒரே குழாயில் ஊற்றி, அதிலிருந்து மூன்று குழாய் பிரித்து அனுப்பினால் அது தொழில்நுட்ப மறுபதிவு மட்டுமே. அதைக் கொண்டு எந்த முடிவும் எழுத முடியாது.

உப்பின் அளவு: 100 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 5.84 கிராம் சோடியம் குளோரைடு. சாதாரணக் கரைசலிலிருந்து ஒரே தாவலில் 100-க்குப் போனால், முதல் சில மணி நேரம் வேர் எதிர்கொள்வது சோடியத்தைவிட நீர் இழுபடும் அதிர்ச்சியைத்தான். அப்போது தலைதூக்கும் மரபணுக்களில் பெரும்பகுதி வறட்சியிலும் வருபவை. உவர் தாங்கும் தன்மையைத்தான் தேடுகிறீர்கள் என்றால், முதலில் 50, மறுநாள் 100 என்று படியேற்றி, அதற்குப் பிறகு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். கரைசல் கலந்ததும் மின்கடத்துத் திறனை மீட்டரில் அளந்து, தொட்டி வாரியாக எழுதி வையுங்கள்.

அறுவடை நேரம் அடுத்த பொறி. செடிக்கு உள்கடிகாரம் உண்டு. ஏராளமான மரபணுக்கள் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. கட்டுப்பாட்டுச் செடியை உப்பு சேர்க்கும் முன்பே எடுத்துவிட்டு, உப்புச் செடியை மறுநாள் எடுப்பதும் தவறு: இடையில் செடிக்கு ஒரு நாள் வயது கூடியிருக்கும். இரண்டும் ஒரே நாள், ஒரே வேளை. ஒரு மாதிரிக்கு 3 நிமிடம் என்றாலும் 24 மாதிரிக்கு 72 நிமிடம் ஆகும். முதலில் எல்லாக் கட்டுப்பாடு, பிறகு எல்லா உப்பு என்று போனால் அந்த 72 நிமிடமும் உப்பின் கணக்கில் சேரும். பிளாக் பிளாக்காகப் போங்கள். ஒரு பிளாக்கின் நான்கு மாதிரியும் 12 நிமிடத்தில் முடியும். உப்பு சேர்ப்பதையும் அதே வரிசையில், அதே இடைவெளியில் செய்திருந்தால் எல்லாத் தொட்டிக்கும் 24 மணி நேரம் சரியாக அமையும்.

வேரை எடுத்தவுடன் காய்ச்சி வடித்த நீரில் அலசும் பழக்கத்தை விடுங்கள். உப்பிலிருந்து நன்னீருக்குப் போவதே வேருக்கு ஓர் அதிர்ச்சி. காகிதத் துண்டில் ஒற்றி எடுத்து, நொடிகளில் திரவ நைட்ரஜனில் போடுங்கள்.

ஆர்.என்.ஏ. எடுப்பது

இதில் எல்லாரும் கைதேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்வதால், தவறும் இடங்களை மட்டும் சொல்கிறேன். டிரைசால் (ஆர்.என்.ஏ.-வைப் பிரித்தெடுக்கும் ஃபீனால் கரைசல்) முறையில் 1 மில்லி லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி கிராம் திசுவுக்கு மேல் போடாதீர்கள். அதிகம் போட்டால் அதிகம் வரும் என்ற எண்ணத்தில் 200, 300 என்று திணித்தால், புரதமும் டி.என்.ஏ.-வும் பிரியாமல் மேல் அடுக்கு கலங்கும். பொடியாக்கும்போது ஒரு கணமும் உருக விடக் கூடாது. உலக்கையும் உரலும் முன்பே நைட்ரஜனில் குளிர்ந்திருக்க வேண்டும். டி.என்.ஏ.-வை நீக்கும் நொதி சேர்க்கும் படியை விடாதீர்கள். விட்டால் பிற்பாடு மரபணுவுக்குள் இருக்கும் இன்ட்ரான் என்ற இடைப்பகுதிகளிலும் மரபணு இல்லாத இடங்களிலும் ரீட் சிதறிக் கிடக்கும்.

தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2.0-ஐ ஒட்டி இருந்தால் மட்டும் மகிழ்ந்துவிட வேண்டாம். 260/230 விகிதம் 1.8-க்குக் கீழே போனால் ஃபீனால், குவானிடின் உப்பு, அல்லது செடியின் மாவுச்சத்து கூடவே வந்திருக்கிறது. அது லைப்ரரி தயாரிக்கும் நொதிகளை முடக்கும். 75 சதவீத எத்தனாலில் இன்னொரு முறை கழுவினால் பெரும்பாலும் சரியாகும். ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் ரின் எண் 10-க்கு 7-க்கு மேல் இருக்கட்டும். இலையில் பசுங்கணிகத்தின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. கூடுதல் சிகரங்களாக வந்து அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும் என்பதால் அங்கே வரைபடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வேரில் அந்தத் தொல்லை குறைவு. பாதி மாதிரி 8.5, பாதி மாதிரி 6.5 என்று வந்து, அந்த 6.5 எல்லாம் உப்புப் பிரிவாகவே அமைந்தால், சீக்வென்சிங்குக்கு அனுப்பாதீர்கள். சிதைவின் விளைவும் உப்பின் விளைவும் அப்போது ஒன்றாகப் பின்னிவிடும்.

அந்தப் பின்னலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 24-ஐயும் ஒரே நாளில் செய்ய முடியாது. 3 நாள் ஆகும் என்றால் நாளைக்கு இரண்டு பிளாக், அதாவது 8 மாதிரி. ஒவ்வொரு நாளும் நான்கு பிரிவும் கலந்திருக்கும். திங்கள் கட்டுப்பாடு, செவ்வாய் உப்பு என்று செய்தால், ரசாயனப் புட்டி மாறியதும் கை மாறியதும் உப்பாகவே தெரியும். எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் பிரிப்பதற்கான தகவலே தரவில் இல்லை.

பெரிய குழுக்களும் இதில் சிக்கியிருக்கின்றன. 2014-இல் மனித, சுண்டெலி உறுப்புகளின் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, உறுப்பு வாரியாகச் சேராமல் உயிரினம் வாரியாகவே தரவு குழுமுகிறது என்றது. மனித உறுப்புகள், சுண்டெலியின் அதே உறுப்புகளைவிடத் தங்களுக்குள்ளேயே அதிகம் ஒத்திருந்தன. யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராகி-மேனும் 2015-இல் அதே தரவை எடுத்து, ரீடுகள் அடங்கிய ஃபாஸ்ட்கியூ கோப்பில் ஒவ்வொரு ரீடின் பெயர் வரியிலும் இருக்கும் கருவி எண்ணையும் லேன் (கருவியின் தடம்) எண்ணையும் படித்தார்கள். மனித மாதிரிகளும் சுண்டெலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனி ஓட்டங்களில் சீக்வென்ஸ் செய்யப்பட்டிருந்தன. தனித்தனி ஓட்டத்தால் வந்த அந்த பேட்ச் விளைவைக் கணக்கில் எடுத்ததும், தரவு உறுப்பு வாரியாகக் குழுமத் தொடங்கியது. உங்கள் 24 லைப்ரரிகளையும் ஒரே கலவையாக்கி, எத்தனை லேன் தேவையோ அத்தனையிலும் அந்தக் கலவையையே ஓட்டச் சொல்லுங்கள். இரு முனையிலும் தனித்தன்மையுள்ள குறியீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நோவாசீக் போன்ற கருவிகளில் ஒரு மாதிரியின் ரீட் அடுத்த மாதிரியின் பெயரில் தாவுவதை அதுதான் தடுக்கும்.

24 லைப்ரரிக்குப் பணம் வரவே வராது என்றால் இரண்டு வழி. ஒன்று, மரபணுவின் 3' முனையை மட்டும் படிக்கும் லைப்ரரி முறை. ஒரு மூலக்கூறுக்கு ஒரு ரீட் என்பதால் மாதிரிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி ரீட் போதும், தயாரிப்பும் மலிவு. மரபணுக்களின் வால் பகுதி, ரீடுகளைப் பொருத்திப் பார்க்கும் மேற்கோள் மரபணுத் தொகுதியில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நெல்லில் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று, ஒரே ரகத்தோடு நிறுத்தி 12 மாதிரியில் பிரிவுக்கு 6 வைப்பது. நான்கு பிரிவுக்கு மூன்று மூன்று என்பதைவிட அது நேர்மையான ஆய்வு.

கோப்பு வந்த பிறகு

முதல் வேலை, நிறுவனம் தந்த எம்டி5 எண்ணோடு (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இறங்கிய கோப்பை ஒப்பிடுவது. பாதியில் அறுந்த கோப்பு சில மென்பொருளில் சத்தமில்லாமல் ஓடி, ரீட் குறைவான மாதிரியாகக் காட்சி தரும். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

ரீடின் தரத்தைச் சோதிக்கும் ஃபாஸ்ட்கியூசி அறிக்கை சிவப்புக் குறி காட்டினால் பதற வேண்டாம். அந்தக் கருவி முழு மரபணுத் தொகுதி சீக்வென்சிங்கை மனதில் வைத்து எல்லை வகுத்தது. ரீடின் முதல் 10, 12 எழுத்துகளில் நான்கு காரங்களின் விகிதம் குலைந்து தெரிவது, லைப்ரரி தயாரிப்பைத் தொடக்கிவைக்கும் தற்செயல் ஆறெழுத்து பிரைமரால் வருவது. வெட்டி எறிய வேண்டியதில்லை. நகல் ரீட் அதிகம் என்ற எச்சரிக்கையும் இயல்பு, ஏனென்றால் அதிகம் வெளிப்படும் மரபணுவிலிருந்து ஒரே மாதிரித் துண்டுகள் உண்மையாகவே பல வரும். அந்த நகல்களை நீக்கினால் உச்ச வெளிப்பாடுள்ள மரபணுக்களின் எண்ணிக்கையை நீங்களே குறைத்துவிடுவீர்கள். கவனிக்க வேண்டியவை அடாப்டர் (லைப்ரரி தயாரிப்பில் முனையில் ஒட்டும் துண்டு) எச்சமும், ரீடின் கடைசியில் ஜி எழுத்து வரிசையாக வருவதும்தான். நோவாசீக்கில் ஒளி இல்லை என்றால் ஜி என்று பதிவாகும். துண்டு முடிந்த பிறகும் கருவி ஜி, ஜி என்று எழுதிக்கொண்டே போகும். ஃபாஸ்ட்பி மென்பொருள் இரண்டையும் வெட்டிவிடும்.

மேற்கோள் மரபணுத் தொகுதியைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். 2005-இல் சர்வதேசக் கூட்டுமுயற்சி வெளியிட்டது நிப்பன்பாரே என்ற ஜப்பானிய ரகத்தின் தொகுதி, சுமார் 38.9 கோடி எழுத்து. அதற்கு இரண்டு மரபணுப் பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன. எம்எஸ்யூ பட்டியலில் பெயர் எல்ஓசி என்று தொடங்கும், டிரான்ஸ்போசான் என்ற தாவும் டி.என்.ஏ. துண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 56,000 இடங்கள். ராப் பட்டியல் வேறு எண் முறை, வேறு எண்ணிக்கை. சில மரபணுக்கள் ஒன்றில் ஒன்றாகவும் மற்றதில் இரண்டாகவும் இருக்கும். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதிலேயே இருங்கள். மரபணுத் தொகுதியை ஓரிடத்திலும் பட்டியலை வேறிடத்திலும் இறக்கினால், ஒன்றில் குரோமோசோம் பெயர் வெறும் 1, மற்றதில் சிஎச்ஆர்1 என்றிருக்கும். பொருத்தம் 95 சதவீதம் என்று வந்து, எண்ணிக்கை எல்லாம் பூஜ்யமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

பொக்காளியும் ஐ.ஆர்.29-உம் நிப்பன்பாரே அல்ல. மேற்கோளிலிருந்து எழுத்து அதிகம் விலகிய மரபணுவில் ரீட் குறைவாகப் பொருந்தும். அந்த விலகல் ரகத்துக்கு ரகம் வேறு என்பதால், ஒரே நிலையில் பொக்காளியையும் ஐ.ஆர்.29-ஐயும் நேராக ஒப்பிட்டால் பொருத்தக் குறைவே வெளிப்பாட்டு வேறுபாடாகத் தெரியலாம். ஒரு ரகத்துக்குள் உப்பையும் கட்டுப்பாட்டையும் ஒப்பிடும்போது அந்தக் குறை இரு பக்கமும் இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். உங்கள் முடிவுகளை இந்த ஒப்பீட்டின் மேல் கட்டுங்கள். நிப்பன்பாரேயில் இல்லவே இல்லாத மரபணு உங்கள் கண்ணில் படாது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

ரீடைத் தொகுதியில் பொருத்த ஸ்டார் மென்பொருள் நெல்லுக்குத் தாராளம். மனிதத் தொகுதிக்குச் சுமார் 30 ஜிபி நினைவகம் கேட்பது, இங்கே அதில் சிறு பகுதியோடு முடியும். இன்டெக்ஸ் எழுத்து நீளத்தை இயல்பான 14-லிருந்து 13 ஆக்கிக்கொள்ளுங்கள். கணினி சிறிது என்றால் ஹைசாட்2 அல்லது சால்மன். எண்ணும்போது லைப்ரரி எந்த இழையைப் படிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று பரவலாக உள்ள டியூடிபி வகை லைப்ரரி தலைகீழ் இழை. எண்ணும் மென்பொருளான ஃபீச்சர்கவுண்ட்ஸில் இழை எண் 2. அதை 1 என்று கொடுத்தால் பெரும்பாலான ரீட் காணாமல் போகும், 0 என்று கொடுத்தால் எதிர் இழையில் மேற்படியும் மரபணுக்களில் குழப்பம் வரும். நிறுவனத்தின் வாய்மொழியை நம்பாமல் ஒரு மாதிரியைச் சால்மனில் ஓட்டிப் பாருங்கள். வகையைத் தானே கண்டறிந்து சொல்லும். ஃபீச்சர்கவுண்ட்ஸின் 2.0.2 பதிப்பிலிருந்து, ஜோடியாக எண்ணச் சொல்லும் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை எண்ணப்படும்.

எண்ணி முடித்ததும், எந்தச் சோதனைக்கும் முன்னால், குழாய் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: இரண்டு ரகமும் டி.என்.ஏ. எழுத்தில் வேறுபடுகின்றன. பொருத்திய கோப்பை ஐஜிவி என்ற பார்வை மென்பொருளில் திறந்து, ரகங்கள் வேறுபடும் பத்து இடங்களைப் பார்த்தால், பொக்காளி என்று பெயரிட்ட மாதிரி பொக்காளிதானா என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-இல் வந்த புற்றுமருந்துத் தேர்வு ஆய்வை கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் பிரித்துப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்ததும், மருந்துக்கு இணங்குவது, இணங்காதது என்ற பெயர்கள் இடம் மாறியிருந்ததும் தெரியவந்தன. அதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளிடம் சோதனை தொடங்கியிருந்தது. கட்டுரை 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. நகர்ந்தது ஒரே ஒரு வரிசை. ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட அட்டவணையில் அது கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக்கை அட்டவணையின் பத்திப் பெயர்களும் மாதிரி விவர அட்டவணையின் வரிசைப் பெயர்களும் ஒன்றா என்று கட்டளை எழுதித்தான் சோதிக்க வேண்டும்.

டீசீக்2-இல் சறுக்கும் இடங்கள்

வெளிப்பாட்டு வேறுபாட்டைச் சோதிக்கும் இந்த மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டியது முழு எண்ணாக உள்ள மூல எண்ணிக்கை. டிபிஎம், எஃப்பிகேஎம் போன்று ஏற்கெனவே சமன்படுத்திய எண்ணைக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் 10 ரீடும் 10,000 ரீடும் எவ்வளவு நம்பகமானவை என்ற தகவல் மூல எண்ணில்தான் இருக்கிறது. குறைந்தது 6 மாதிரியில் 10 ரீடாவது இல்லாத மரபணுக்களை முதலிலேயே விலக்கலாம்.

மாடல்: பிளாக் + ரகம் + உப்பு + ரகம்:உப்பு. கடைசி உறுப்புதான் உங்கள் ஆய்வின் உயிர். உப்புக்கு இரண்டு ரகமும் வெவ்வேறாக எதிர்வினை செய்யும் மரபணுக்களை அது காட்டும். அதை எழுதாமல், பொக்காளியில் ஒரு பட்டியல், ஐ.ஆர்.29-இல் ஒரு பட்டியல் எடுத்து, இரண்டு வட்டம் வரைந்து, பொக்காளியில் மட்டும் உள்ளவை தாங்குதிறன் மரபணுக்கள் என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. பி-மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) ஒன்றில் 0.04, மற்றதில் 0.06 என்று வந்த மரபணு அப்படி ஒரு வட்டத்துக்குள் மட்டும் விழும். இரண்டு ரகத்துக்கும் அதில் வேறுபாடே இருக்காது. அந்த இடைவினை உறுப்பைச் சேர்த்த பிறகு, உப்பு என்று மட்டும் பெயரிட்ட முடிவு அடிப்படை ரகத்தில் உப்பின் விளைவைத்தான் குறிக்கும், சராசரியை அல்ல என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரே தொட்டியில் இருந்த இரண்டு ரக மாதிரிகளும் முற்றிலும் தனித்தவை அல்ல என்று ஆய்வு மதிப்பீட்டாளர் கேட்கலாம். சரியான கேள்விதான். லிம்மா என்ற மென்பொருளில் தொட்டியை உறவுக் குழுவாகக் கொடுத்து அந்த ஒப்புறவை மதிப்பிட வழி இருக்கிறது. அப்படியும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் நிலைக்கும் மரபணுக்களை முன்னிறுத்துங்கள்.

அடிப்படை நிலை எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஆர் மொழி ஆங்கில அகர வரிசையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். ட்ரீட்டட், அன்ட்ரீட்டட் என்று பெயரிட்டிருந்தால் ட்ரீட்டட் அடிப்படையாகிவிடும். கூடியவை எல்லாம் குறைந்தவையாக மாறும். உப்பில் கண்டிப்பாகக் கூடும் என்று முன்பே தெரிந்த ஒரு மரபணுவின் எண்ணிக்கையை வரைந்து திசையைச் சரிபாருங்கள்.

30,000 மரபணுவைச் சோதித்து பி-மதிப்பு 0.05-க்குக் கீழே உள்ளவற்றை எடுத்தால், உப்புக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும் 1,500 மரபணு கையில் இருக்கும். எனவே பென்ஜமினி, ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பையே பாருங்கள். அந்தப் பத்தியில் மதிப்பே இல்லாத வரிகள் வந்தால் பிழை என்று எண்ண வேண்டாம்: எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் விலக்கப்பட்டவை சில, ஒரே ஒரு மாதிரி விபரீதமாக எகிறியதால் நிறுத்தப்பட்டவை சில. இரண்டாம் வகையில் பி-மதிப்பும் காணாமல் போயிருக்கும். அவற்றைப் பூஜ்யமாக நிரப்பிவிட்டால் பட்டியலின் உச்சியில் குப்பை வந்து நிற்கும்.

பட்டியலை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். மனித மரபணு ஆய்வுகளில் செப்ட்2, மார்ச்1 போன்ற பெயர்கள் தேதியாக மாறி, 2016-இல் ஒரு கணக்கெடுப்பில் எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அந்தப் பிழை இருந்தது. 2020-இல் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

மரபணுக்களைச் செயல் வாரியாகக் குழுப்படுத்திப் பார்க்கும்போது பின்னணியாக நெல்லின் எல்லா மரபணுக்களையும் கொடுத்தால், வேரில் வெளிப்படுபவை என்பதே ஒரு சிறப்பாகத் தெரியும். வடிகட்டலில் தேறியவற்றை மட்டும் பின்னணியாகக் கொடுங்கள். சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்களை வைத்து வலையமைப்பு வரையும் டபிள்யூஜிசிஎன்ஏ-வை உருவாக்கியவர்களே 15 மாதிரிக்குக் கீழே வேண்டாம் என்கிறார்கள். 12 மாதிரியில் அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சில மரபணுக்களை மட்டும் தனியாக அளக்கும் கியூபிசிஆர் சரிபார்ப்பை அதே ஆர்.என்.ஏ.-வில் செய்தால் கருவி சரியாக எண்ணியதா என்பது மட்டுமே தெரியும். புதிதாக வளர்த்த செடிகளில் செய்யுங்கள். ஒப்பீட்டுக்கு ஆக்டின் மரபணுவை எடுத்துக்கொள்ளும் முன், உப்பில் அது அசையாமல் இருக்கிறதா என்று உங்கள் 24 மாதிரியின் தரவிலேயே பாருங்கள்.

இந்த ஆய்வால் காண முடியாத ஒன்றும் இருக்கிறது. நெல்லில் உவர் தாங்குவதற்கு நன்கு நிறுவப்பட்ட மரபணு முதல் குரோமோசோமில் உள்ள எச்கேடி1;5. வேரின் நீர்க்குழாயைச் சுற்றியுள்ள உயிரணுக்களில் இருந்துகொண்டு, இலைக்கு ஏறும் சோடியத்தை இறக்கி எடுக்கும் கடத்தி அது. 2005-இல் நோனா போக்ரா என்ற உவர் தாங்கும் ரகத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது, தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் இடையே தெரிந்தது புரதத்தின் நான்கு அமினோ அமில மாற்றம். புரதத்தின் எழுத்தில் இருக்கும் வேறுபாடு, எவ்வளவு வெளிப்படுகிறது என்று மட்டும் எண்ணும் அட்டவணையில் வராது. பொக்காளியிலிருந்து வந்த, உவர் தாங்குதலோடு தொடர்புள்ள சால்டால் பகுதியும் அதே குரோமோசோமில், அந்த மரபணுவை ஒட்டித்தான் இருக்கிறது. எனவே உங்கள் பட்டியலில் எச்கேடி1;5 உச்சியில் வராவிட்டால் ஆய்வு தோற்றதாக எண்ண வேண்டாம். அதே ஃபாஸ்ட்கியூ கோப்பில் அந்த மரபணுவின் எழுத்து வேறுபாடுகளைப் படித்து, தனியாகக் குறியுங்கள்.

கட்டுரை அனுப்பும் முன் மூலக் கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் இட வேண்டும். அமெரிக்காவின் எஸ்ஆர்ஏ, ஐரோப்பாவின் இஎன்ஏ போலவே, 2022 முதல் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையமும் இயங்குகிறது. மாதிரி விவர அட்டவணையில் ரகம், உப்பு அளவு, நேரம் ஆகியவற்றோடு நிறுத்தாமல் தொட்டி எண், பிளாக் எண், ஆர்.என்.ஏ. எடுத்த நாள், ரின் எண், லேன் எண் ஆகிய ஐந்து பத்திகளையும் சேர்த்துவிடுங்கள். இந்த அட்டவணையை உப்பு கலக்கும் நாளிலேயே தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பினால் தொட்டி எண் பத்திதான் முதலில் காலியாக இருக்கும்.